ஒன்பது புள்ளி ஆறு

எஸ்கெல் ஊர்க் கண் மருத்துவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.
எவாரிஸ்தோ வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினான்.
"இருட்டினால் இனி நான்தான் ஓட்டுவேன், நெலிதா."
அந்த வாக்கியம் பதினோரு மாதம்
வாசற்படியில் படுத்த நாய்போல் கிடந்தது.
தாண்டித் தாண்டிப் போய்வந்தேன்.

ஆட்டு மயிர் கத்தரிக்கும் குழுவுக்குச் சமைப்பவள் நான்.
இன்று ஒரு பண்ணை, நாளை இன்னொன்று,
நடுவில் அறுபது கிலோமீட்டர் சரளை, எதிர்க்காற்று.
விடியுமுன் நாலு மணிக்கு
இருபத்தாறு பேருக்கு ரொட்டி வெந்திருக்க வேண்டும்.
இருட்டில் ஓட்டாதவள் எப்படிப் போவாள்?
அவன் தூங்கி எழும்வரை
மாவு காத்திருந்தது, ஆட்கள் காத்திருந்தார்கள், ஆடுகளும்.

வண்டி எழுபத்தெட்டாம் வருட ஃபோர்டு பிக்கப்.
ஹெட்லைட் எரியும், எரியவில்லை என்று சொல்ல முடியாது.
பானெட்டுக்கு முன்னால்
ஆறிய தேநீர் கொஞ்சம் சிந்தும், அவ்வளவுதான்.
புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
அதே கறை,
ஓரம் மட்டும் துல்லியமாக.

அப்போதுதான் சந்தேகம் வந்தது.

தெக்காவில் குதிரைப் பந்தயம் என்று அவன் போன ஞாயிறு
ரேடியோ பழுதுபார்க்கும் வென்சில்யானிடம்
மல்டிமீட்டர் இரவல் வாங்கினேன்.
பேட்டரியில் பன்னிரண்டு புள்ளி மூன்று.
பல்பின் முதுகில் ஒன்பது புள்ளி ஆறு.
ஊசியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன்.
ஒன்பது புள்ளி ஆறு.

பேட்டரியில் கிளம்பிய மின்சாரம்
தகரத் துளை வழியே உள்ளே போய்
டாஷ்போர்டு சுவிட்சில் பாதி கருகி
காலால் மிதிக்கும் டிம்மரில் துருவைத் தின்று
தலைமுடி மொத்த ஒயரில் நசுங்கி
திரும்பவும் முன்னால் வந்து சேர்வதற்குள்
கழுதை தேய்ந்து கட்டெறும்பு.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

பழைய இரும்புக் கடையில் செத்துக் கிடந்த
பெஷோவின் வயிற்றிலிருந்து இரண்டு ரிலே.
தடித்த ஒயர் ஆறு மீட்டர்.
முப்பது, எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு:
ரிலேயின் நாலு கால்களுக்கு நாலு எண்.
பொடி எழுத்து. கண்ணாடி அதற்கு உதவியது,
பொய் சொல்லக் கூடாது.

முதல் ஃபியூஸ் போனது.
இரண்டாவதும்.
எண்பத்தேழில் போக வேண்டியதை எண்பத்தைந்தில் சொருகியிருந்தேன்.
பாதிரியார் காதில் விழக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு
கழற்றி மாற்றினேன்.
எர்த்துக்குப் பெயின்டைச் சுரண்டினேன்,
இரும்பு பளிச்சென்று தெரியும்வரை.
இணைப்புகளுக்குச் சைக்கிள் டியூபில் வெட்டிய தோல்.

பழைய ஒயருக்கு இனிச் சுமக்கும் வேலை இல்லை.
"போடு" என்று முணுமுணுத்தால் போதும்,
'டிக்' என்று ரிலே கேட்டுக்கொள்ளும்.
பேட்டரியிலிருந்து நேரே, யாரிடமும் கேளாமல்,
வெளிச்சத்துக்கு வெளிச்சத்தின் பங்கு போகும்.

கொட்டகைச் சுவருக்கு எதிரே எட்டு மீட்டரில் நிறுத்தி
கரைத்த மாவால் கோடு இழுத்து
இரண்டு விளக்கையும் கோட்டுக்குக் கீழே இறக்கினேன்.
கோழிகள் விடிந்ததென்று இறங்கி வந்தன.

அவன் வந்தபோது ஆணி வெறும் ஆணி.

குவல்ஹைனா சாலை இத்தனை ஜனத்தோடு இருந்ததா?
ஒவ்வொரு வேலிக்கம்பமும் எழுந்து நின்றது.
முயல் ஒன்று, அதன் நிழல் அதைவிடப் பெரிதாக.
வரிசையாக எட்டுக் கண்கள்:
நாலு குவானாக்கோ, கடக்கலாமா என்று யோசித்தபடி.
தாகத்தில் செத்தவளுக்கு யாரோ படைத்த
தண்ணீர் பாட்டில்கள், வளைவில்
அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன.
இத்தனை நாள் இவற்றையெல்லாம்
இடிக்காமல் போனது யார் புண்ணியமோ.

மலை இறக்கத்தில் எதிரே ஒரு லாரி
இரண்டு முறை கண் சிமிட்டிற்று:
தணியுங்கள், அம்மா, தாங்கவில்லை.

இப்படி என்னிடம் யாரும் கேட்டதே இல்லை.
இடது காலால் டிம்மரை மிதித்தேன்.
'டிக்.'
அவன் ஹார்ன் அடித்து நன்றி சொல்லிப் போனான்.
அவனுடைய புழுதி அடங்குமுன்
மறுபடி மிதித்தேன்.